பவர் யார்கிட்ட?

எங்கள் சந்தில் பவர் என்றால் ஒரு சிவப்பு ரெக்சின் துண்டு. ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு முனையில் ஓட்டை போட்டு இரும்பு வளையம் கோத்திருப்பார்கள். அது யார் வாசல் ஆணியில் தொங்குகிறதோ அவர் மட்டும் எம்பாஸ் பிரஸ்ஸைப் போடலாம். மற்றவர்கள் தங்கள் பிரஸ்ஸை அணைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்கும் யாரும் முதலில் கேட்பது, "பவர் யார்கிட்ட?" என்பதுதான். குளித்தாயா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்கப்புறம்.

எம்பாஸ் பிரஸ் தோல் மீது பெயர் பதிக்கிற மிஷின். எழுத்து வெட்டிய அச்சைப் பழுக்கச் சூடாக்கி, தோலை அடியில் வைத்து, கைப்பிடியை இழுத்து அழுத்துவார்கள். சூடாகும்போது கரண்டைக் குடிக்கும். சந்தில் உள்ள எல்லாப் பட்டறைகளுக்கும், கீழே இருந்தாலும் மாளா என்கிற மேல்தளத்தில் இருந்தாலும், ஒரே மீட்டர்தான். காசிம் பாய் பெயரில் இருக்கிறது. பல வருடம் முன்பு நோன்பு மாதத்தில், பெருநாள் வேலை உச்சத்தில் இருந்தபோது, எல்லாப் பிரஸ்ஸும் ஒன்றாக ஓடிக் கேபிள் உருகிவிட்டது. பெருநாள் முடியும்வரை சந்து இருட்டில் கிடந்தது. தைத்த பர்ஸ்களைப் பெயர் பதிக்காமல் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அழுதார்களாம். அப்போது காசிம் பாய் கொண்டுவந்ததுதான் சிவப்புத் துண்டு. ஒரு நேரத்தில் ஒரு பிரஸ்.

பிறகு காசிம் பாய் வடாலாவில் பிளாட் வாங்கிப் போய்விட்டார். மீட்டர் பெட்டியின் சாவியும் துண்டும் மருமகன் அல்தாப் கைக்கு வந்தன. பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து அங்கேயே இருப்பார். யாராவது எதிர்த்துப் பேசினால், "மாமா எனக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல பவர் எழுதிக் குடுத்திருக்காரு, தெரியும்ல?" என்பார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். "அல்தாப் பாய்ட்ட எல்லாப் பவரும் இருக்கு, கண்ணுல மட்டும் மைனஸ்" என்று சந்தில் சொல்வார்கள். அவர் காதில் விழாமல்தான்.

நான் செல்வம். கால் சென்டரில் பார்த்த ராத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து, சாயிரா அக்காவிடம் தோல் வெட்டுகிறேன். அக்காவின் பட்டறை மாளாவில். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். ஆபீஸ்காரர்கள் காகிதம் வைத்துக்கொள்ளும் தோல் ஃபோல்டர்கள் செய்கிறோம். அக்காவுக்குக் கடையநல்லூர்ப் பக்கம். கை சுத்தம், வாய் காரம்.

பெயர் பதிக்க வேண்டும் என்றால் கீழே வெயிலுமுத்து அண்ணாச்சியிடம்தான் கொடுத்துவந்தோம். அண்ணாச்சி பெல்ட் செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் அவர் பெல்ட் முடிந்த பிறகுதான் எங்கள் ஃபோல்டர். அதையும் பேசிக்கொண்டே அழுத்துவார். பெயர் கோணலாக விழும். "சாஞ்சாத்தான் ஸ்டைலு தங்கச்சி" என்பார்.

அதனால் அக்கா பழைய பிரஸ் ஒன்றை வாங்கினார். வடாலாவில் பட்டறையை மூடுகிற ஒருவர் கொடுத்தது. தீபாவளிவரை ஓட்டிப் பாருங்கள், சரிப்படவில்லையென்றால் திருப்பித் தந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். கயிறு கட்டி ஜன்னல் வழியாக மேலே ஏற்றினோம். அன்றைக்கே அக்கா மாட்டுங்காவில் நாங்கள் சில்லறையாக ஃபோல்டர் கொடுக்கிற சுப்ரமணியன் சாரின் கடைக்குப் போய் ஒரு ஆர்டரும் வாங்கிவந்துவிட்டார். செம்பூரில் ஒரு கம்பெனி தீபாவளிக்குத் தன் ஆட்களுக்கெல்லாம் ஃபோல்டர் கொடுக்கிறது. ஒவ்வொன்றிலும் வாங்குகிறவர் பெயர் பதித்திருக்க வேண்டும்.

"டேட்டுக்குள்ள வரலைன்னா நான் பழைய ஆள்கிட்டயே போயிடுவேன்மா. தப்பா எடுத்துக்கப்படாது" என்று சுப்ரமணியன் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். அக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "இந்த ஆர்டர் போச்சுன்னா மிஷினையும் திருப்பிக் குடுத்துரணும்ல. அப்புறம் சாவுற வரைக்கும் அண்ணாச்சி வாசல்ல கோணப் பேருக்கு நிக்க வேண்டியதுதான்."

துண்டு கேட்டு அல்தாப் பாயிடம் போனோம்.

"புது மிஷினுக்குக் கடைசி நம்பர் சாயிரா. அது ரூல்."

"ரூல் எங்க பாய் எழுதியிருக்கு?"

"எழுதுனாத்தான் ரூலா? நீ நோன்பு வைக்குறது எங்க எழுதிப் போட்டிருக்கு, உங்க வீட்டுச் செவத்துலயா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன பாய் இருக்கு? காலைல ஒரு மணி நேரம் தாங்க. அண்ணாச்சி பெல்ட்டு மத்தியானம்கூடப் போடலாம்ல."

"அண்ணாச்சி உனக்கு முன்னாடி வந்தவரு. அவரு சாப்பிடப் போறப்ப நிறுத்துவாரு. அப்ப நீ போட்டுக்க. கேபிள் எரிஞ்சா பதில் சொல்றது நானா நீயா?"

அப்படித்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் கிடைத்தது. பிரஸ் சூடேற அரை மணி ஆகும். அண்ணாச்சி சாப்பிட்டு வெற்றிலை போடவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். அச்சு பதத்துக்கு வருகிற சமயம் ஏணிக்குக் கீழிருந்து, "தங்கச்சி, பவரு!" என்று குரல் வரும். சூடு பத்தாமல் அழுத்திய எழுத்து தோலில் நிழல்போல நிற்கும், பதியாது. அண்ணாச்சி வீட்டில் மீன் குழம்பு என்றால் எங்களுக்கு நல்ல நாள். முள் எடுத்துத் தின்ன நேரமாகும். அக்கா காலையிலேயே அண்ணாச்சி வீட்டம்மாவிடம் "இன்னைக்கு என்ன கொழம்பு மதினி?" என்று விசாரித்துவிட்டு வருவார். சாம்பார் என்றால் முகம் தொங்கிவிடும்.

ஒரு வாரம் போனது. பெயர் பதித்த ஃபோல்டர் ஒரு மூலையில் கொஞ்சம், பதிக்காதது சுவர் உயரத்துக்கு.

ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு எங்கள் சந்தில் இந்துக்கள் மிஷினைத் தொட மாட்டார்கள். கழுவி, துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அண்ணாச்சி விடிந்ததும் தானே ஏணி ஏறி வந்து துண்டை அக்கா கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு முழுக்கப் பவர் உன்ட்டதான் தங்கச்சி. எம் மிஷினுக்கு லீவு. மத்த ரெண்டு பிரஸ்காரனும் ஊர்ச் சங்கத்துப் பூஜைக்குப் போயாச்சு. அல்தாப் பாய்ட்டயும் சொல்லிட்டேன். வெளுத்துக் கட்டு."

"அண்ணாச்சி, உங்க சாமி நல்லா இருக்கணும்."

"அது நல்லாத்தான் இருக்கு. நீ சாயங்காலம் பொரி வாங்க வா."

அன்று நாங்கள் நிமிரவில்லை. அக்கா அச்சுக் கோத்தார், நான் தோலை நீட்டினேன், அக்கா கைப்பிடியை இழுத்தார். எழுத்து அப்படி விழுந்தது. விரலால் தடவினால் பள்ளம் தெரியும், ஓரம் கருகியிருக்காது. சூடான தோலின் வாடை மாளா முழுக்க நின்றது. மத்தியானம் பிஸ்கட்டும் டீயும்தான். அல்தாப் பாய் ஒரு முறை கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். துண்டு எங்கள் ஆணியில் தொங்கியது. அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சி சங்கத்திலிருந்து திரும்பிவந்து ஷட்டரைத் தூக்கினார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் நான் ஏணியில் இரண்டு படி தாண்டிக் குதித்தேன்.

"யம்மா முத்தாரம்மா! என்னம்மா இது!"

பட்டறைக்குள் அனல் அடித்தது. பிரஸ்ஸின் மேல் போட்டிருந்த சாமந்தி மாலை அப்பளம்போலக் காய்ந்து சுருண்டிருந்தது. தலையில் வைத்த எலுமிச்சம்பழம் வெந்து கருத்திருந்தது. அண்ணாச்சி கையை வைக்கப் போய் உதறிக்கொண்டார். பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். காலையில் சீரியல் பல்பு எரியவில்லையென்று போர்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அண்ணாச்சி தட்டிப் பார்த்திருக்கிறார். பல்பு எரிந்ததும் விட்டுவிட்டார். பிரஸ் சுவிட்சும் அதில் விழுந்துவிட்டது. பிரஸ் ஓடினால் அதன் நெற்றியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அண்ணாச்சி சரியாக அந்த விளக்கின் மேலேதான் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்திருந்தார். பக்தியில் எதுவும் தெரியவில்லை. சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறை எரியாமல் போனது அதிர்ஷ்டம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சுவிட்சை அணைத்தேன். அதற்குள் அல்தாப் பாய் வந்துவிட்டார்.

"எப்பலருந்து ஓடுது?"

"பூஜை போட்டது காலைல..." என்று அண்ணாச்சி இழுத்தார்.

"மேல சாயிரா?"

"நானும் காலைலருந்துதான்" என்றார் அக்கா. ஏணியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பிரஸ் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை ஓடியிருக்கிறது. சந்தில் ஒரு பல்பு மங்கவில்லை. அல்தாப் பாய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். கேபிளை முதலில் ஒரு விரலால் தொட்டார், பிறகு உள்ளங்கையால் பிடித்தார்.

"சூடே இல்ல" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"அம்மன் பவர் அது பாய்" என்றார் அண்ணாச்சி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "ஆத்தா கேபிளப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா."

"அப்ப நாளைக்கும் பிடிப்பால்ல அண்ணாச்சி?" என்றார் அக்கா. "நீங்களும் போடுங்க, நானும் போடுதேன். பாத்துருவோம்."

"பாப்பியா? என்னத்தப் பாப்பே?" அல்தாப் பாயின் குரல் உயர்ந்தது. "ஒரு நாள் எரியலன்னா என்னைக்கும் எரியாதா? அன்னைக்குப் புகை வந்தப்ப நீ இருந்தியா? நான் இருந்தேன். வாளி வாளியா மண்ணள்ளிப் போட்டது இந்தக் கை."

"அதுக்கில்ல பாய்..."

"ஒண்ணும் பேசாத. நீ மிஷின் வாங்குனதுலருந்து லஃப்டாதான், ஒரே வம்பு. இனி ஒரு பிரஸ்ஸும் ஓடாது. பவர் யாருக்கும் கிடையாது."

ஏணி ஏறிப்போய் எங்கள் ஆணியிலிருந்து துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியைப் பூட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் உண்மையாகவே எதுவும் ஓடவில்லை. மற்ற இரண்டு பிரஸ்காரர்களும் அக்காவைத்தான் முறைத்தார்கள். இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டாள் என்று ஒருவர் நேராகவே சொன்னார். அக்கா பதிக்காத ஃபோல்டர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காசிம் மாமாவப் பாக்கப் போறேன். நீயும் வாலே."

கீழே அண்ணாச்சியும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "எம் பெல்ட்டுந்தான கெடக்கு. நானும் வாரேன். ஆனா நாந்தான் சந்தனம் வச்சேன்னு அங்க சொல்லப்படாது."

வடாலாவில் காசிம் பாயின் பில்டிங்கில் லிப்ட் ஓடவில்லை. பவர் இல்லை என்று வாட்ச்மேன் சொன்னான். எங்கள் சந்துக்கே பவர் கொடுத்தவரைப் பார்க்க மூச்சு வாங்க மாடிப்படி ஏறினோம். அண்ணாச்சி ஒவ்வொரு மாடியிலும் நின்று முத்தாரம்மனைக் கூப்பிட்டார்.

காசிம் பாய் ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"யாரு? கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு. டாக்டர் இன்னும் பவர் எழுதித் தரல. எல்லாம் புகையாத்தான் தெரியுது. குரல் குடுங்க."

"சாயிரா, மாமா. மாளால தைக்குற சாயிரா. அண்ணாச்சியும் வந்திருக்காரு."

"வெயிலுமுத்தா? கோணப் பேரு வெயிலுமுத்து! வாவே, உக்காரும்."

அண்ணாச்சி அசடு வழிந்தார். தண்ணீர் வந்தது, டீ வந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சந்தனத்தை மட்டும் விட்டுவிட்டார். "ஏதோ தெரியாம ரெண்டும் ஓடிருச்சு மாமா. ஆனா ஒண்ணும் ஆகல. இப்ப அல்தாப் பாய் துண்ட யாருக்கும் தர மாட்டேங்குறாரு. எனக்குத் தீபாவளி ஆர்டர். போச்சுன்னா மிஷினும் போயிரும்."

"என்ன துண்டு?"

"சிவப்புத் துண்டு மாமா. பவரு."

காசிம் பாயின் கையில் அட்டை நின்றது.

"அல்லாவே... அது இன்னுமா தொங்குது?"

"ஆமா மாமா, தெனமும் தொங்குது" என்றார் அக்கா.

"எரிஞ்ச கேபிள ஒட்டுப் போட்டு, புதுசு வர்ற வரைக்கும் சமாளிக்கக் கட்டுனது அது" என்றார் காசிம் பாய். "பெருநாள் முடிஞ்சு அடுத்த மாசமே புதுக் கேபிள் போட்டாச்சே. தடிக் கேபிள். கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லோடும் ஏத்தியாச்சு. ரெண்டு மூணு பிரஸ் தாராளமா ஓடும்னு லைன்மேன் சொல்லிட்டுத்தான போனான்."

"உங்கள்ட்ட சொன்னான் மாமா. நீங்க யாருட்ட சொன்னீங்க?" என்றார் அக்கா.

காசிம் பாய் மறுபடி விசிற ஆரம்பித்தார். பிறகு அதையும் நிறுத்தினார்.

"சொல்லல. சொல்லுவோம் சொல்லுவோம்னு இருந்தேன். காலைல எந்திரிச்சா எல்லாரும் எம் வாசல்ல வந்து நிப்பீங்க. 'காசிம் பாய், பவர் குடுங்க'ம்பீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இங்க வந்துட்டேன், மறந்தும் போச்சு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இங்க வந்து யாரும் எதுக்கும் எம் வாசல்ல நின்னது கிடையாது. இன்னைக்கு நீங்கதான்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அக்காவின் பதியாத எழுத்துகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் ஒன்று, மனிதர் பொய் சொல்லவில்லை.

"அல்தாப்புக்குப் போனப் போடு" என்றார். அக்கா போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காசிம் பாய் எங்களிடம் சொன்னதையே சுருக்கிச் சொன்னார். போன் கட்டாகிவிட்டதா என்று அக்கா எடுத்துப் பார்த்தார்.

"மாமா" என்றது அல்தாப் பாயின் குரல். "நான் ராத்திரி வீட்டுக்குப் போயும் மூக்குல புகை வாடை வருதான்னு முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன் மாமா. நாம இல்லாத நேரத்துல எவனாவது ரெண்டு போட்டுருவானோன்னு ஊருக்கே போகல. எந் தம்பி கல்யாணத்துக்குப் போகல. உங்க மவட்ட கேளுங்க, எத்தன சண்ட."

"எனக்குத் தெரியாம போச்சு மாப்ள."

"உங்களுக்குத்தான் மாமா தெரிஞ்சுருந்துச்சு."

போன் கட்டானது.

திரும்பி வந்து சந்துக்குள் நுழைந்தால் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. மீட்டர் பெட்டி திறந்து கிடந்தது. அல்தாப் பாய் எங்களுக்கு முன்னாலேயே மாரிசெல்வம் என்ற எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

"எல்லாரும் பிரஸ்ஸப் போடுங்க" என்றார் அல்தாப் பாய். "எல்லாமே. அயர்ன் பாக்ஸும் போடுங்க. தையல் மிஷினும் போடுங்க. இன்னைக்குப் பாத்துருவோம்."

ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருடப் பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது. அக்காதான் முதலில் ஏணி ஏறினார். மேலே பிரஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு அண்ணாச்சி போட்டார், சுவிட்சைப் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மற்ற இருவர். மாரிசெல்வம் இடுக்கிபோல ஒரு மீட்டரைக் கேபிளில் மாட்டி, எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். அல்தாப் பாய் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மூணு பிரஸ் பேஷா ஓடும் பாய்" என்றார் மாரிசெல்வம். "நாலாவது வேணாம், டைட்டாயிரும். மூணு ஓடுறப்ப எல்லா அயர்னையும் ஒண்ணாப் போடாதீங்க. அப்படியே போட்டாலும் இந்தா, இந்த சுவிட்ச் தானா விழுந்துரும். கேபிள் எரியாது."

"தானா விழுமா?"

"விழும் பாய். அதுக்குத்தான அது இருக்கு."

"அப்ப நான் எதுக்கு இருந்தேன்?" என்றார் அல்தாப் பாய். மாரிசெல்வத்துக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. தன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவே சந்து சொர்க்கமாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை இல்லை, அப்படி ஆகவும் இல்லை. நாலு பிரஸ்ஸில் எந்த மூன்று என்று மறுநாளே சண்டை வந்தது. அயர்ன் பாக்ஸ் வைத்திருந்தவர்கள் தனியாகக் கத்தினார்கள். அண்ணாச்சிக்கு வேறு குறை.

"துண்டு இல்லாத நேரத்துலதான் நான் டீ குடிச்சேன், பேப்பர் படிச்சேன். இப்ப பொழுதன்னைக்கும் மிஷின் முன்னாடி நிக்க வேண்டியிருக்கே!"

"அணைச்சுப் போட்டுட்டுப் போய்க் குடிங்க அண்ணாச்சி. யார் வேணாம்னா?"

"பவரு இருக்கும்போது எப்படித் தங்கச்சி அணைக்கிறது? மனசு கேக்க மாட்டேங்குதுல்லா."

அக்கா அல்தாப் பாயிடம் போய்க் கேட்டார், யார் எப்போது என்பதை அவரே பார்த்துக்கொள்ளும்படி. சத்தியமாக மரியாதையாகத்தான் கேட்டார். அல்தாப் பாய் தலையை ஆட்டினார்.

"போதும் சாயிரா. நான் ஊருக்குப் போறேன். தம்பிக்கு ஒரு புள்ள பொறந்து அது பள்ளிக்கூடம் போகுதாம். இன்னும் நான் மூஞ்சியப் பாக்கல. தட்கல்ல டிக்கெட் போட்டாச்சு."

"பெட்டிச் சாவி?"

"நீ வச்சுக்க."

அக்கா சாவியை வாங்கினார். ஒரு நிமிடம் அது அவர் உள்ளங்கையில் இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அதில் ஓடியது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது, அதுதான் பயம். அக்கா பெட்டியிலிருந்து பூட்டைக் கழற்றினார். பூட்டையும் சாவியையும் சேர்த்துத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"ஊருக்குக் கொண்டு போங்க பாய். உங்க வீட்டுக்கு ஆகும். இதுக்கு எதுக்குப் பூட்டு? நெருப்புப் பிடிச்சா யாருட்ட சாவி தேட?"

அல்தாப் பாய் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அக்காவின் மாளாவைப் பார்த்து, "அந்தப் பிளக் பாயிண்ட மாத்து, கருகிப்போய் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சரியான பேச்சு. மாற்றிவிட்டோம்.

பிரஸ் முறைக்கு ஒரு வழி தானாகவே வந்தது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மூவர். நாலாவது ஆள் மத்தியானம். அண்ணாச்சி டீக்காகவே நாலாவதாக வர ஆரம்பித்தார். அக்கா சந்திலேயே முதல் ஆளாக வந்தார். சாம்பார், மீன் குழம்பு எதுவும் விசாரிக்கவில்லை. முன்பு நிழலாக விழுந்த பெயர்களை மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்த முடியாது, இரட்டையாகத் தெரியும். அதனால் அந்த ஃபோல்டர்களின் மேல்தோலைப் பிரித்துப் புதிதாக வெட்டித் தைத்தோம். என் விரல்கள் வீங்கின. அக்கா அதற்கு எந்த அனுதாபமும் காட்டவில்லை.

தேதிக்கு முந்தின நாள் மாட்டுங்கா போனோம். சுப்ரமணியன் சார் ஒரு ஃபோல்டரை எடுத்துப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். அடுத்தது. அதற்கடுத்தது. மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் பார்த்தார், மேலே நல்லதாக அடுக்கியிருக்கிறோமா என்ற சந்தேகத்தில்.

"பதிவு நன்னா இருக்கே. கோணலே இல்லை. யார்கிட்ட குடுத்துப் பண்றேள்?"

"நாங்களேதான் சார்."

"மிஷின் வாங்கிட்டேளா? பேஷ். அப்போ இன்னொண்ணு இருக்கு. ஜனவரிக்கு ஒரு பேங்க்காராளுக்கு டைரி கவர் வேணும். இதைவிட ஜாஸ்தி. எப்போ தர முடியும், சொல்லுங்கோ."

அந்தக் கடையில் அக்கா தேதி சொல்லி நான் கேட்டதே இல்லை. முன்பெல்லாம் முதலில் அண்ணாச்சியைக் கேட்க வேண்டும், பிறகு அல்தாப் பாயை. அதனால் எப்போதும் "பாத்துச் சொல்லுதேன் சார்" என்றுதான் வரும். இப்போதும் அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். அக்கா வாயைத் திறந்து, மூடி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"டிசம்பர் பத்து."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் குறித்துக்கொண்டார். நாங்கள் காலி மூட்டையை மடித்துக்கொண்டு வெளியே வந்தோம். பூக்கடைகளைத் தாண்டும்வரை நான் பொறுத்துக்கொண்டேன்.

"அக்கா, தோலே இன்னும் வரல. பத்தாம் தேதி எப்படி முடியும்? முடியலன்னா?"

"முடியலன்னா நம்மளாலதாம்ல முடியாமப் போகும்" என்றார் அக்கா. "வேற எவனாலயும் இல்ல. நட, பஸ் வருது."